மூன்றாம் நாள் வரை காத்திருக்கக் கூடாத காய்ச்சல்: பெரியவர்களைத் தாக்கும் மூளையுறை அழற்சியும் குருதித் தொற்றும்

வடக்கிலும் கிழக்கிலும் மாரி மழை தொடங்கிவிட்டால் காய்ச்சல் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது டெங்குதான். அதற்கென ஒரு நடைமுறையும் எமது வீடுகளில் பழகிப் போய்விட்டது. பனடோல், நீராகாரம், ஓய்வு, மூன்றாம் நாள் குருதிப் பரிசோதனை. பெரும்பாலான காய்ச்சல்களுக்கு இந்த நடைமுறை பொருந்தும். ஆனால் எல்லாக் காய்ச்சலும் மூன்றாம் நாள் வரை அவகாசம் தருவதில்லை. காலையில் தடிமன் போலத் தொடங்கி, மாலைக்குள் நினைவு தடுமாற வைத்து, மறுநாள் உயிரையே பறித்துவிடக் கூடிய காய்ச்சலும் உண்டு. பற்றீரியாவால் ஏற்படும் மூளையுறை அழற்சியும், அதனோடு சேர்ந்தோ தனித்தோ வரும் மெனிங்கோகொக்கசு குருதித் தொற்றும் அத்தகையவை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019 ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 25 இலட்சம் பேருக்கு மூளையுறை அழற்சி ஏற்பட்டது. அவர்களில் 16 இலட்சம் பேருக்கு அது பற்றீரியாவால் ஏற்பட்டது. இறந்தவர்கள் ஏறத்தாழ 2 இலட்சத்து 40 ஆயிரம் பேர். பற்றீரியா மூளையுறை அழற்சி வந்தவர்களில் ஆறு பேருக்கு ஒருவர் இறக்கிறார். ஐந்து பேருக்கு ஒருவர் செவிப்புலன் இழப்பு, வலிப்பு, அவயவ இழப்பு போன்ற நீண்டகாலப் பாதிப்புகளுடன் வாழ்கிறார். சிகிச்சை எத்தனை மணித்தியாலத்தில் தொடங்கியது என்பது இந்த முடிவுகளைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

இலங்கையில் இது டெங்கைப் போல அடிக்கடி காணப்படும் நோயல்ல. அரிதாக வருவதாலேயே அடையாளம் காணத் தவறிவிடுகிறோம். அதோடு, போரைக் கடந்து வந்த எமது சமூகத்தில், பழைய காயங்கள் காரணமாக இந்த நோய்க்கு மற்றவர்களைவிட அதிகம் ஆளாகக்கூடிய ஒரு தொகுதியினர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அந்த ஆபத்து பற்றி யாரும் சொன்னதில்லை.

இது என்ன நோய்?

மூளையையும் முண்ணாணையும் மூன்று மெல்லிய சவ்வுகள் போர்த்தியிருக்கின்றன. அவற்றுக்கிடையே தெளிந்த நீர் போன்ற ஒரு திரவம் ஓடிக்கொண்டிருக்கும். கிருமிகள் அந்தச் சவ்வுகளையும் திரவத்தையும் சென்றடைந்து அழற்சியை உண்டாக்குவதையே மூளையுறை அழற்சி என்கிறோம். வைத்தியர்கள் மெனிஞ்சைற்றிஸ் என்பார்கள். மக்கள் வழக்கில் மூளைக்காய்ச்சல் என்ற சொல் இதற்கும், மூளையின் இழையத்தையே தாக்கும் வேறு நோய்களுக்கும் பொதுவாகப் பயன்படுகிறது. எனவே ‘மூளைக்காய்ச்சல்’ என்று சொல்லப்பட்டால், எந்தக் கிருமியால் வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வைரசால் வரும் மூளையுறை அழற்சி பெரும்பாலும் தானாகவே குணமாகிவிடும். காசநோய்க் கிருமியால் வருவது நாட்கணக்கில், வாரக்கணக்கில் மெல்ல வளரும். அதற்குச் சிகிச்சை ஒரு வருடம் வரை நீளலாம். பற்றீரியாவால் வருவதுதான் மணித்தியாலக் கணக்கில் முற்றிவிடும்.

பெரியவர்களில் இதற்குக் காரணமான முக்கிய பற்றீரியாக்கள் இரண்டு. முதலாவது நியூமோகொக்கசு. நியூமோனியாவையும் காதில் சீழ் வைப்பதையும் உண்டாக்கும் அதே கிருமி இது. இரண்டாவது மெனிங்கோகொக்கசு. ஆரோக்கியமாக இருப்பவர்களிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவரின் தொண்டையிலும் மூக்கிலும் இது எந்தத் தொந்தரவும் தராமல் தங்கியிருக்கலாம். சிலரில் மட்டும் குருதிக்குள் நுழைந்து உயிராபத்தை உண்டாக்குகிறது. அறுபது வயதைக் கடந்தவர்கள், கர்ப்பிணிகள், நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோரில் லிஸ்டீரியா என்ற மூன்றாவது கிருமியையும் வைத்தியர்கள் கருத்தில் கொள்வார்கள்.

மெனிங்கோகொக்கசு இரண்டு விதமாகத் தாக்கலாம். மூளையுறையைத் தாக்கினால் தலையிடி, கழுத்து விறைப்பு முன்னிற்கும். குருதியில் பெருகினால் அது செப்சிஸ் எனப்படும் நிலை. அப்போது குருதி அமுக்கம் வீழ்ந்து, தோலில் குருதிக் கசிவுகள் தோன்றி, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். இரண்டும் ஒன்றாகவும் வரலாம். கழுத்து விறைப்பே இல்லாமல் செப்சிஸ் மட்டும் வருவதுதான் அதிக ஆபத்தானது.

பழைய காயங்களும் புதிய ஆபத்தும்

சலரோகம், அதிக மதுப்பாவனை, நாட்பட்ட காதுச் சீழ், முதுமை, புற்றுநோய்ச் சிகிச்சை, எச்.ஐ.வி. தொற்று, நீண்டகாலம் ஸ்டீரோயிட் மாத்திரை எடுத்தல் ஆகியவை எங்கும் பேசப்படும் ஆபத்துக் காரணிகள். எமது மக்கள் குறிப்பாகத் தெரிந்திருக்க வேண்டியவை இன்னும் இரண்டு.

ஒன்று, மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள். வயிற்றில் ஷெல் துண்டோ சன்னமோ பாய்ந்து சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர்களில் சிலருக்கு, குருதிப் பெருக்கை நிறுத்துவதற்காக மண்ணீரல் எடுக்கப்பட்டிருக்கும். நியூமோகொக்கசு, மெனிங்கோகொக்கசு போன்ற உறை கொண்ட பற்றீரியாக்களைக் குருதியிலிருந்து வடிகட்டி அழிப்பதில் மண்ணீரலுக்குப் பெரும் பங்கு உண்டு. அது இல்லாதவருக்குச் சாதாரண காய்ச்சல் போலத் தொடங்கும் தொற்று ஒரே நாளில் உயிராபத்தாக மாறலாம். இந்த ஆபத்து வாழ்நாள் முழுவதும் தொடரும். காயம்பட்டு இருபது வருடம் ஆகிவிட்டது என்பதால் அது நீங்கிவிடுவதில்லை.

இடம்பெயர்வுகளில் வைத்தியப் பதிவேடுகள் தொலைந்து போனவர்கள் பலர். வயிற்றின் நடுவே நீண்ட தழும்பு இருக்கும், உள்ளே என்ன எடுக்கப்பட்டது என்று தெரியாது. அப்படிப்பட்டவர்கள் கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்டு, வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கான் மூலம் மண்ணீரல் இருக்கிறதா என்பதை உறுதிப்படுத்திக் கொள்ளலாம். குருதியை நுணுக்குக்காட்டியில் பார்த்தும் அதற்கான அடையாளத்தைக் கண்டறியலாம். இல்லையென்று தெரிந்தால் நியூமோகொக்கசு, மெனிங்கோகொக்கசு, ஹிப் ஆகியவற்றுக்கெதிரான தடுப்பூசிகள் பற்றியும், காய்ச்சல் வந்தால் உடனே எடுக்க வேண்டிய மருந்து பற்றியும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, தலையில் காயம்பட்டவர்கள். மண்டையோட்டின் அடிப்பகுதியில் வெடிப்பு ஏற்பட்டு, மூளையின் வெளியுறை கிழிந்திருந்தால், மூக்கிலும் காதிலும் வாழும் கிருமிகள் மூளையைச் சென்றடைய ஒரு வழி திறந்தே இருக்கும். காயம் ஆறிப் பல வருடங்களின் பின்னரும் இதனால் மூளையுறை அழற்சி வரலாம், திரும்பத் திரும்பவும் வரலாம். குனியும்போது ஒரு பக்க மூக்கிலிருந்து தண்ணீர் போலத் தெளிவாகச் சொட்டுவதும், தொண்டைக்குள் உப்புச் சுவையாக இறங்குவதும் இதற்கான அறிகுறிகள். அது தடிமன் அல்ல. ஒரு முறையாவது மூளையுறை அழற்சி வந்தவருக்குத் தலைக்காயமும் இருந்தால், இந்தக் கசிவைத் தேடிப் பார்க்கும்படி கேட்க வேண்டும். சத்திரசிகிச்சை மூலம் அதை அடைக்க முடியும்.

உடலில் உலோகத் துண்டுகளுடன் வாழ்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கான் இயந்திரம் வலிமையான காந்தம். உள்ளே இருக்கும் துண்டு அதில் அசையலாம் அல்லது சூடேறலாம். எனவே அந்த ஸ்கானுக்கு முன்னர் கட்டாயம் சொல்ல வேண்டும். சி.ரி. ஸ்கானுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

அறிகுறிகள்: நான்கில் இரண்டு

காய்ச்சல், கழுத்து விறைப்பு, மனத்தடுமாற்றம் என்ற மூன்றும் சேர்ந்து வந்தால்தான் மூளையுறை அழற்சி என்று பலர் நினைக்கிறார்கள். 2004 இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்று பெரியவர்களில் 696 நோய் நிகழ்வுகளை ஆராய்ந்தது. இந்த மூன்றும் ஒன்றாகக் காணப்பட்டது 44 சதவீதமானவர்களில் மட்டுமே. ஆனால் தலையிடியையும் சேர்த்து நான்கு அறிகுறிகளாகப் பார்த்தபோது, 95 சதவீதமானவர்களில் குறைந்தது இரண்டு இருந்தன.

எனவே வீட்டில் நினைவில் வைத்திருக்க வேண்டியது இதுதான். காய்ச்சல், கடுமையான தலையிடி, கழுத்து விறைப்பு, மனத்தடுமாற்றம் அல்லது அளவுக்கு மீறிய தூக்கம். இந்த நான்கில் இரண்டு சேர்ந்தால் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

சத்தி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, வலிப்பு ஆகியவையும் வரலாம். கழுத்து விறைப்பு என்றால் கழுத்தைத் திருப்ப முடியாமை அல்ல, நாடியை நெஞ்சில் முட்டும்படி குனிய முடியாமை. அது இல்லையென்பதற்காக நோய் இல்லையென்று முடிவெடுக்கக் கூடாது. முழங்காலை நீட்டிப் பார்ப்பது, தலையைத் தூக்கிப் பார்ப்பது போன்ற பழைய சோதனைகளும் பெரும்பாலான நோயாளிகளில் ஒன்றையும் காட்டுவதில்லை.

வயதானவர்களில் காய்ச்சல் கூட வெளிப்படையாக இராது. ‘நேற்றுவரை நன்றாகக் கதைத்தவர் இன்று ஆளடையாளம் தெரியாமல் பேசுகிறார்’ என்பதே முதல் அறிகுறியாக இருக்கலாம்.

மனத்தடுமாற்றம் குறித்து எமது சூழலில் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. போரின் மனவடுவோடு வாழ்பவர், ஏற்கனவே மனநலச் சிகிச்சை பெறுபவர், மது அருந்துபவர் திடீரெனப் பிதற்றினால் ‘இது அவருக்கு வழமைதானே’ என்று விட்டுவிடும் போக்கு உண்டு. நேர்த்தி வைப்பதிலும் நூல் கட்டுவதிலும் ஓர் இரவு கழிந்துவிடுவதும் உண்டு. பிதற்றலோடு காய்ச்சலோ தலையிடியோ இருந்தால், வேறெதையும் செய்யும் முன்னர் அவரை வைத்தியசாலையில் காட்ட வேண்டும்.

தோலில் தோன்றும் புள்ளிகள்

மெனிங்கோகொக்கசு செப்சிஸின்போது தோலின் கீழ் குருதி கசிவதால் சிவந்த அல்லது ஊதா நிறப் புள்ளிகள் தோன்றும். முதலில் குண்டூசித் தலையளவில் இருக்கும். சில மணித்தியாலங்களில் கன்றிப்போன காயம் போலப் பரவலாம். ஒரு தெளிவான கண்ணாடிக் குவளையின் பக்கத்தைப் புள்ளியின் மேல் அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு அழுத்தும்போது மறையும். குருதிக் கசிவு மறையாது. கறுத்த தோலில் புள்ளிகள் எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களில் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

டெங்கிலும் இத்தகைய புள்ளிகள் வரும் என்பதால் குழப்பம் ஏற்படுவது இயல்பு. எதுவென்று வீட்டில் தீர்மானிக்க வேண்டிய தேவை இல்லை. காய்ச்சலுடன் அழுத்தினாலும் மறையாத புள்ளிகள் தோன்றினால், இரண்டில் எதுவாக இருந்தாலும் போக வேண்டிய இடம் வைத்தியசாலைதான். அதேபோல் வயல் வேலை செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சலும் கடும் தலையிடி, உடல் உளைவு, கண் சிவப்பு ஆகியவற்றுடன் வரும். அதுவும் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடியதல்ல.

புள்ளிகள் தோன்றும் வரை காத்திருப்பதும் தவறு. செப்சிஸின் முன்னறிகுறிகளாகக் காய்ச்சலோடு கைகால்கள் குளிர்ந்து போதல், கால்களில் தாங்க முடியாத வலி, தோல் வெளிறி அல்லது நீலம் பாரித்துத் திட்டுத்திட்டாதல், மூச்சு வேகமாதல், சிறுநீர் குறைதல் ஆகியவை வரலாம். இந்த நோயாளி கடைசி வரை தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கவும் கூடும். அவர் கதைக்கிறார் என்பதை வைத்து ஆபத்தில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

வைத்தியசாலைக்குப் போகும்போது

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வாகனம் கையில் இருந்து, வைத்தியசாலை அருகில் இருந்தால் காத்திருக்காமல் புறப்படலாம். கிராமப்புறச் சிறு வைத்தியசாலைக்கே முதலில் செல்ல நேர்ந்தால், பெரிய வைத்தியசாலைக்கு மாற்ற ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்குமாயின், அங்கேயே முதலாவது நுண்ணுயிர்க்கொல்லி ஊசியைப் போட்டு அனுப்புவது உயிர்காக்கும். பென்சிலின் அல்லது செஃப்ட்ரியாக்சோன் ஊசி அதற்குப் பயன்படுகிறது. ஆனால் ஊசிக்காகப் பயணத்தைத் தாமதிக்கக் கூடாது.

வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை சில. காய்ச்சல் தொடங்கிய நேரம், மண்ணீரல் அகற்றப்பட்டதா, தலைக்காயம் அல்லது உடலில் உலோகத் துண்டு உண்டா, பென்சிலின் ஒவ்வாமை உண்டா, கர்ப்பமா, குருதி உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறாரா, ஏற்கனவே வெளியே என்ன மருந்து எடுத்தார் என்பவையே அவை. நோயாளியால் பேச முடியாத நேரத்தில், அல்லது கடமையிலிருக்கும் வைத்தியருக்குத் தமிழ் தெரியாத நேரத்தில், இந்த விபரங்கள் சொல்லப்படாமலே போய்விடும். மண்ணீரல் இல்லாதவர்கள் அதை மும்மொழியிலும் எழுதிய ஒரு சிறு அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்து வைத்திருப்பது பெரும் உதவி.

முதல் மணித்தியாலம்

2016 இல் பிரித்தானிய வைத்தியச் சங்கங்கள் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டி, வைத்தியசாலைக்கு வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 2025 ஏப்ரலில் மூளையுறை அழற்சிக்கென முதலாவது உலகளாவிய வழிகாட்டியை வெளியிட்டு, தாமதமில்லாத சிகிச்சையை வலியுறுத்தியது.

அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் நடப்பவை: சுவாசம், குருதி அமுக்கம், நினைவு நிலை ஆகியவற்றைப் பார்த்தல், குருதி எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புதல், குருதியில் சீனி, லக்டேற் அளவு பார்த்தல், முள்ளந்தண்டு நீர் எடுத்தல், மருந்து தொடங்குதல். நீர் எடுப்பது தாமதமாகும் என்றால் மருந்து காத்திருக்காது. குருதியை எடுத்துவிட்டு உடனே ஊசி போடப்படும்.

எல்லோருக்கும் முதலில் தலைக்குச் சி.ரி. ஸ்கான் எடுக்க வேண்டுமென்பதில்லை. நினைவு நிலை வெகுவாகக் குறைந்தவர்கள், வலிப்பு வந்தவர்கள், ஒரு பக்கக் கைகால் பலவீனமானவர்கள், கண்ணின் உட்பகுதியில் நரம்பு வீங்கியவர்கள் ஆகியோருக்கே அது முதலில் தேவை. ஸ்கானுக்காக வரிசையில் காத்திருந்து மருந்து தாமதமாவதுதான் இந்த நோயில் அடிக்கடி நேரும் தவறு.

முதுகில் ஊசி: பயமும் உண்மையும்

நோயை உறுதிப்படுத்தும் பரிசோதனை முள்ளந்தண்டு நீரைப் பரிசோதிப்பதுதான். ‘முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே வழங்காமல் போய்விடும்’ என்ற பயத்தால் குடும்பத்தினர் கையொப்பமிட மறுப்பதும் அங்குதான் நடக்கிறது.

முண்ணாண் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி குத்தப்படுவது அதற்குக் கீழே, இடுப்பெலும்பின் உச்சி மட்டத்தில். அங்கே முண்ணாண் இல்லை, நீரில் மிதக்கும் நரம்பிழைகள் மட்டுமே உண்டு. சில நாட்கள் தலையிடி அல்லது முதுகுவலி இருக்கலாம். முதுகில் மருந்து ஏற்றப்படுவதில்லை, சில மில்லிலீற்றர் நீர்தான் எடுக்கப்படுகிறது. குத்தும் இடத்தில் தொற்று இருந்தாலோ, குருதி உறைவதில் குறைபாடு இருந்தாலோ, செப்சிஸ் வேகமாக முற்றிக்கொண்டிருந்தாலோ வைத்தியர்களே இதைத் தள்ளி வைப்பார்கள். முள்ளந்தண்டில் ஏற்கனவே காயமோ சத்திரசிகிச்சையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அந்த நீர் சொல்லும் செய்தி முக்கியமானது. தெளிவாக இருக்க வேண்டிய நீர் கலங்கியிருந்தால், வெண்குருதிக் கலங்கள் பெருகி, புரதம் கூடி, சீனி குறைந்திருந்தால் பற்றீரியா என்று பெரும்பாலும் முடிவெடுக்கலாம். சீனி வழமையாக இருந்து, வேறு வகை வெண்கலங்கள் கூடியிருந்தால் வைரசாக இருக்கலாம். காசநோயில் வேறொரு வடிவம் தெரியும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது தெரிந்தால் சிகிச்சையின் காலமும் மருந்தும் தீர்மானமாகும். இந்தப் பரிசோதனை இல்லாவிட்டால் எல்லாமே ஊகம்தான்.

மருந்துகள்

இங்கே தரப்படும் அளவுகள், உங்கள் உறவினருக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்வதற்காக மட்டுமே. சிறுநீரகம், வயது, கிருமி, ஒவ்வாமை ஆகியவற்றைப் பொறுத்து வைத்தியர்கள் மாற்றுவார்கள்.

பெரியவர்களுக்கு வழமையாகத் தொடங்கும் மருந்து செஃப்ட்ரியாக்சோன், 2 கிராம், 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை நாளத்தினூடாக. அல்லது செஃபொடாக்சிம். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் லிஸ்டீரியாவுக்காக அமொக்சிசிலின் அல்லது அம்பிசிலின் சேர்க்கப்படும். பென்சிலினுக்குக் கட்டுப்படாத நியூமோகொக்கசு என்ற சந்தேகம் இருந்தால் வன்கோமைசினும் சேரும்.

இவற்றோடு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரோயிட், 10 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படும். கிருமிகள் சாகும்போது கிளம்பும் அழற்சிதான் மூளையையும் செவி நரம்பையும் சேதப்படுத்துகிறது. அதைத் தணிப்பதே இதன் வேலை. 2002 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 301 பெரியவர்கள் பங்கேற்றனர். டெக்சாமெதசோன் பெற்றவர்களில் இறந்தவர்கள் 7 சதவீதம், பெறாதவர்களில் 15 சதவீதம். முதலாவது நுண்ணுயிர்க்கொல்லியுடனோ அதற்குச் சற்று முன்னரோ இது தொடங்கப்பட வேண்டும். நியூமோகொக்கசு என்றால் நான்கு நாட்கள் தொடரும். வேறு கிருமி என்று தெரிந்தால் பெரும்பாலும் நிறுத்தப்படும்.

மெனிங்கோகொக்கசுக்கு ஐந்து நாட்கள், நியூமோகொக்கசுக்குப் பத்து முதல் பதினான்கு நாட்கள், லிஸ்டீரியாவுக்கு மூன்று வாரங்கள் என்பது பொதுவான சிகிச்சைக் காலம். இரண்டாம் நாளே தெளிவாகிவிட்டார் என்று துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவது ஆபத்தானது.

செப்சிஸ் நிலையில் நுண்ணுயிர்க்கொல்லி மட்டும் போதாது. குருதி அமுக்கத்தைத் தூக்கச் சேலைன் வேகமாக ஏற்றப்படும். ஒவ்வொரு தடவையும் மறுபடி பரிசோதித்து, தேவைக்கேற்பத் தொடரும். அதற்கும் அமுக்கம் உயராவிட்டால் நோர்அட்ரினலின் போன்ற மருந்து, ஒட்சிசன், செயற்கைச் சுவாசம் தேவைப்படலாம். எனவே அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவது என்பது கைவிடப்பட்டதன் அடையாளம் அல்ல. நேரத்தோடு மாற்றப்பட்டவர்களுக்கே பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது.

வீட்டிலுள்ளவர்களுக்கும் மருந்து வேண்டுமா?

மெனிங்கோகொக்கசு என்றால் மட்டும், நோய் தொடங்குவதற்கு முந்திய ஏழு நாட்களில் நோயாளியோடு ஒரே வீட்டில் அல்லது ஒரே விடுதியில் நெருங்கியிருந்தவர்களுக்குத் தடுப்பு மருந்து தரப்படும். பெரும்பாலும் சிப்ரோஃப்ளொக்சசின் 500 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. கர்ப்பிணிகளுக்குச் செஃப்ட்ரியாக்சோன் ஊசி பொருத்தமானது. நியூமோகொக்கசு நோயாளியின் வீட்டாருக்கு இது தேவையில்லை. ஒரே பேருந்தில் வந்தவர்களுக்கோ, வாசலில் நின்று சுகம் விசாரித்தவர்களுக்கோ தேவையில்லை. நோயாளியிடமிருந்து தொற்றும் தன்மை, சரியான மருந்து தொடங்கி 24 மணித்தியாலத்தில் நீங்கிவிடும். குணமாகி வந்தவரை ஒதுக்கி வைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

மூளையுறை அழற்சி இலங்கையில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து விசாரித்தால் விபரங்களை மறைக்காமல் சொல்வது அயலாருக்கும் பாதுகாப்பு.

நெருக்கமாக மக்கள் அடைபட்டிருக்கும் இடங்களில் இந்தக் கிருமி வேகமாகப் பரவும். 2023 ஆகஸ்டில் காலி சிறைச்சாலையில் கைதிகளிடையே மெனிங்கோகொக்கசு தொற்று ஏற்பட்டு உயிரிழப்புகளும் நேர்ந்தன. சிறைகள், முகாம்கள், மாணவர் விடுதிகள், படையினர் தங்குமிடங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தடுத்து வைக்கப்பட்டுள்ள உறவினர் ஒருவர் காய்ச்சலோடும் தலையிடியோடும் இருப்பதாக அறிந்தால், உடனடி வைத்தியப் பரிசோதனையைக் கோருவது குடும்பத்தின் உரிமை.

குணமான பின்னர்

மருந்து முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. செவிப்புலன் இழப்பு மிகப் பொதுவான பின்விளைவு. வீடு திரும்பும் முன்னரோ, நான்கு வாரத்துக்குள்ளோ செவிப்புலன் பரிசோதனை செய்ய வேண்டும். கடுமையாகக் கேட்காமற் போனவர்களில் உட்காது எலும்பாக இறுகிவிடலாம் என்பதால், செவிக்கருவி பொருத்துவது பற்றிய முடிவைத் தள்ளிப்போட முடியாது.

ஞாபக மறதி, களைப்பு, தூக்கமின்மை, எரிச்சல், மனச்சோர்வு ஆகியவை மாதக்கணக்கில் நீடிக்கலாம். போர் அனுபவம் உள்ளவர்களில் இவை மனவடுவின் பேரில் எழுதப்பட்டுவிடுகின்றன. இரண்டும் ஒருவரிடமே இருக்கக் கூடும். இரண்டுக்கும் உதவி உண்டு. செப்சிஸால் விரல்களையோ காலையோ இழந்தவர்களுக்குச் செயற்கை அவயவமும் இயன்முறைச் சிகிச்சையும் தேவைப்படும்.

தடுப்பு

ஹிப் கிருமிக்கான தடுப்பூசி 2008 முதல் இலங்கையின் குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. மெனிங்கோகொக்கசு, நியூமோகொக்கசு தடுப்பூசிகள் பெரியவர்களில் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. ஹஜ், உம்ரா யாத்திரை செல்வோர் சவூதி அரேபியாவுக்குச் சென்றடைய குறைந்தது பத்து நாட்களுக்கு முன்னர் மெனிங்கோகொக்கசு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அது வெறும் விசாச் சடங்கு அல்ல. 1987 இலும் 2000 இலும் யாத்திரையோடு தொடர்புபட்ட பரவல்கள் பல நாடுகளில் உயிர்களைக் கொண்டு சென்றன.

நாட்பட்ட காதுச் சீழுக்குச் சிகிச்சை பெறுவது, சலரோகத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது, கர்ப்ப காலத்தில் காய்ச்சாத பாலைத் தவிர்ப்பது ஆகியவையும் தடுப்புத்தான்.

காய்ச்சல் வந்த எல்லோரும் அஞ்சி ஓட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். நான்கில் இரண்டு அறிகுறிகள், அழுத்தினாலும் மறையாத புள்ளிகள், குளிர்ந்துபோன கைகால்கள், மண்ணீரல் இல்லாதவருக்கு வரும் எந்தக் காய்ச்சலும். இவற்றில் ஒன்றைக் கண்டால் இரவென்றும் தூரமென்றும் பாராமல் புறப்பட வேண்டும். இன்று இதை வாசித்து முடித்ததும், உங்கள் வீட்டில் வயிற்றிலோ தலையிலோ பழைய காயத் தழும்போடு இருப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்களுக்கு அன்று என்ன சத்திரசிகிச்சை செய்தார்கள் என்று தெரியுமா? பதில் தெரியாது என்றால், அடுத்த கிளினிக் நாளிலேயே அதை வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.